கல்லை நட்டவர்தான் காகிதம் காட்ட வேண்டும்

காணிக் கேள்வி பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர், வட்டக்கச்சி

கேள்வி: ஐயா, 1974இல் அரசாங்கம் காணி பங்கிட்ட காணிக்கச்சேரியில் அப்பாவுக்குக் கிடைத்த இரண்டு ஏக்கர் வயல் எங்களுடையது. அரச காணியில் பயிர்செய்ய அனுமதிக்கும் பெர்மிட் இருக்கிறது. சண்டைக் காலத்தில் பதினைந்து வருடம் விதைக்கவில்லை, காடு பத்திவிட்டது. இப்போது துப்பரவாக்கப் போனால் ஒரு திணைக்களத்தின் கல் நட்டிருக்கிறது. “இது காடு, அரச காணி, கை வைத்தால் வழக்கு” என்கிறார்கள். கல்லைப் பிடுங்கி எறியலாமா?
வாசகர், நெடுங்கேணி

பதில்: பிடுங்க வேண்டாம் தம்பி. எல்லைக்கல்லைத் தொட்டால் அதுவே தனிக் குற்றம். உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அந்த ஒரு நாளில் அவர்கள் பக்கம் போய்விடும். கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நாலு பக்கமும் நின்று படம் எடுங்கள். கல்லில் என்ன எழுத்து, என்ன இலக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு காட்டுக்குள்ளே போய் உங்கள் வயலைத் தேடுங்கள். பதினைந்து வருடக் காடு வரம்பை முழுதாக விழுங்கிவிடாது. வாய்க்கால் தடம் இருக்கும். கிணறு இடிந்திருந்தாலும் கட்டு இருக்கும். வேலிக்கு நட்ட பூவரசு மரமாகி ஒரே நேர்கோட்டில் நிற்கும். காட்டில் மரம் நேர்கோட்டில் முளைக்காது. இவை எல்லாம் சாட்சி. கமநல சேவை நிலையத்தில் பழைய வயற்காணி இடாப்பில் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏக்கர் வரி கட்டிய துண்டு, மானியப் பசளை எடுத்த துண்டு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

இந்தக் கல்லுகள் ஏன் இவ்வளவு முளைத்தன என்று சொல்கிறேன். 2001இல் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. எஞ்சிய அரச காடுகள் என்று கணக்கிட்டவற்றைப் பிரதேச செயலகங்களின் கையிலிருந்து எடுத்து ஒரு திணைக்களத்தின் பொறுப்பில் விட்டார்கள். அந்த நேரம் வன்னியில் எத்தனை வயல் காடாகிக் கிடந்தது! உழுதவன் முகாமிலும் மரத்தடியிலும் இருந்தான். அவன் இல்லாத நேரத்தில் முளைத்த மரத்தை வைத்து அவன் வயலைக் காடு என்று சொல்வது என்ன நியாயம்?

எனக்கும் இது நடந்தது. ஐம்பதுகளில் அப்பாவுக்கு இங்கே மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தன. 2009இல் ஆனந்தபுரம், மாத்தளன் என்று ஓடும்போது அந்தப் பெர்மிட்டைப் பால்மா டின்னுக்குள் வைத்து, டின்னைச் சீலையால் சுற்றி அம்மா மடியில் வைத்திருந்தா. நகை போனது, பசுக்கள் போயின. டின் செட்டிகுளம் முகாம் வரைக்கும் வந்து சேர்ந்தது. 2010இல் திரும்பி வந்து பார்த்தால் மேட்டுக்காணியின் பின்பக்கம் கால் ஏக்கரை வெட்டி மூன்று கல் நின்றன. நான் காணிப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். எனக்கே அன்றைக்கு வாய் எழும்பவில்லை. உயிரோடு வந்தோமே, இது போதும் என்று இருந்துவிட்டேன். ஏழு வருடம் அப்படி இருந்ததற்கு இன்றைக்கும் மனம் எரிகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரியில். அதன் கீழ் மூன்றே கேள்வி எழுதிக் கொடுத்தேன். இந்தக் கல்லுக்கு ஆதாரமான வர்த்தமானியின் இலக்கமும் திகதியும் என்ன? அதன் அட்டவணையில் உள்ள எல்லை விவரத்தினதும் வரைபடத்தினதும் பிரதி தாருங்கள். பிரகடனம் செய்ய முன்னர் அந்த இடத்தில் உரிமை கோரியவர்களை விசாரித்த கோவை இருக்கிறதா? பதில் வரவில்லை. மேன்முறையீடு செய்தேன். வந்த பதில் இரண்டே வரி: கேட்கப்பட்ட காணித் துண்டை உள்ளடக்கும் வர்த்தமானி எம்மிடம் இல்லை. அந்த இரண்டு வரியைப் பிரதேச செயலாளருக்குக் கொடுத்து, நில அளவை வரைபடத்தோடு ஒப்பிடச் சொன்னேன். நாலு மாதத்தில் கல்லை நட்டவர்களே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

நீங்களும் இதைத்தான் செய்யுங்கள். தமிழில் எழுதலாம். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். பதினான்கு வேலை நாளுக்குள் தருவோம், தரமாட்டோம் என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் பதினான்கு நாளுக்குள் அதே அலுவலகத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் தகவல் ஆணைக்குழு. உங்களுக்கு வர்த்தமானி இருக்கிறது என்று பதில் வரவும் கூடும். வந்தால் அதன் பிரதியோடு சட்டத்தரணியிடம் போங்கள். அப்போதும் 1974ஆம் ஆண்டுப் பெர்மிட் வெறும் கடதாசியாகிவிடாது. அதை ரத்துச் செய்வதென்றால் அறிவித்தல் தந்து, காரணம் காட்ட உங்களுக்குச் சந்தர்ப்பம் தந்து, விசாரணை வைத்துத்தான் செய்ய வேண்டும். கல் நட்டு ரத்துச் செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

கேள்வி: என் கணவர் 2009 மே மாதம் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். எங்களுக்கு இரண்டு மகள்மார். இன்று வரைக்கும் தகவல் இல்லை. பெர்மிட் அவர் பெயரில். என் பெயருக்கு மாற்றக் கேட்டால் மரணச் சான்றிதழ் கொண்டு வா என்கிறார்கள். நான் எடுக்க மாட்டேன். அப்படியென்றால் காணியை விட வேண்டியதுதானா?
வாசகி, முள்ளியவளை

பதில்: எடுக்க வேண்டாம் தங்கச்சி. உங்கள் மனம் ஒப்பாத ஒரு கடதாசியில் உங்களைக் கையெழுத்து வைக்கச் செய்ய எந்த மேசைக்கும் உரிமை இல்லை. மரணப் பதிவு பற்றிய 2010இன் 19ஆம் இலக்கச் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். அதன்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்ற சான்றிதழைப் பெறலாம். அதை வைத்துச் சொத்தைப் பராமரிப்பது உட்படச் சில காரியங்களை நீங்கள் பார்க்கலாம். அவர் திரும்பி வந்தால் அவர் காணி அவருடையது. முழுதாகப் பெயர் மாற்றுவது வேறு விடயம், அதற்கு அவசரப்பட வேண்டாம். காணியில் இருங்கள், வேலியைப் பராமரியுங்கள், மின்சாரப் பட்டியல் வந்தால் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டினது. பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால் பிள்ளைகளுக்குள் மூத்த ஆண் முதலில் என்றுதான் அதில் இருந்தது. உழைத்த பெட்டைப்பிள்ளை வீட்டில் இருக்க, ஊரில் இல்லாத மகனுக்குக் காணி போன கதைகளை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். உங்கள் இரண்டு மகள்மாருக்கும் இனி அந்தத் தடை இல்லை.

கேள்வி: ஐயா, உங்கள் பதில்களைப் படித்தால் அரசாங்கம் எப்போதும் பிழை, தனியாள் எப்போதும் சரி என்பதுபோல் இருக்கிறது. வீதி வேண்டும், பாடசாலை வேண்டும், காடும் வேண்டும்தானே? காணி கடைசியில் அரசாங்கத்தினுடையதுதானே?
பல்கலைக்கழக மாணவர், கிளிநொச்சி

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஆனால் கடைசி வசனத்தில் எனக்கு உடன்பாடில்லை. “காணி கடைசியில் அரசாங்கத்தினுடையது” என்ற எண்ணம் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? 1840இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து. காடு, தரிசு, பயிரிடாத காணி எல்லாம் முடிக்குரியது, இல்லையென்றால் நீ நிரூபி என்றது அந்தச் சட்டம். எடுப்பவன் ஒன்றும் காட்டத் தேவையில்லை, இருப்பவன்தான் காட்ட வேண்டும். முடி போய் எவ்வளவோ காலம். அந்த எண்ணம் மட்டும் கந்தோர்களை விட்டுப் போகவில்லை.

வீதிக்கும் பாடசாலைக்கும் காணி எடுக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நானே அளந்து கொடுத்திருக்கிறேன். 1950இன் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. பிரிவு 2இன் கீழ் அறிவித்தல் ஒட்ட வேண்டும், விசாரிக்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். முக்கியமாக, பொதுத் தேவை ஒன்று இருக்க வேண்டும். அந்தத் தேவை என்னவென்று சொல்லாமல் மொட்டையாகப் “பொதுத் தேவைக்கு” என்று மட்டும் எழுதினால் போதுமா? போதாது என்று உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் தீர்ப்பு அது. காணியை இழக்கப் போகிறவனுக்கு எதற்கு எடுக்கிறோம் என்பதை மறைக்க என்ன காரணம் இருக்க முடியும் என்பதுதான் அதன் சாரம். 1993இல் அவரே இன்னொரு வழக்கில், எடுத்த காணிக்குப் பொதுத் தேவை இல்லையென்றால் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தை அமைச்சர் சும்மா பூட்டி வைத்திருக்க முடியாது என்றார். அந்த அதிகாரம் மக்களுக்காக நம்பி ஒப்படைத்தது, அமைச்சரின் சொந்தச் சொத்து இல்லை.

இந்த வழக்கெல்லாம் தெற்கில் நடந்தவை. இதைத் தமிழர் பிரச்சினை என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று எடுத்த காணி தனியாருடைய கொல்ஃப் மைதானமாகியது. 2008இல் உயர் நீதிமன்றம் அந்தக் கைமாற்றத்தைச் செல்லாது என்றது. முன்னாள் ஜனாதிபதி ஒருவரையே முப்பது லட்சம் ரூபா கட்டச் சொன்னது. கொழும்பில் உள்ளவனின் காணிக்கு இருக்கும் அதே சட்டம்தான் கொக்கிளாயில் உள்ளவனின் காணிக்கும்.

ஆனால் இங்கே நடந்தது என்ன? 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் ஒரே நாளில் எழும்பி ஓடியது. 1988இல் அந்தப் பக்கம் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ‘எல்’ வலயமாகியது. மக்கள் திரும்பி வந்து பெர்மிட்டைக் காட்டியபோது, இந்த இடம் இப்போது வேறு அதிகாரசபையின் கீழ் என்றார்கள். அந்தச் சனத்திடம் போய்ப் பொதுத் தேவை என்று சொன்னால் எந்தப் பொதுமக்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் சொத்துரிமை என்று ஓர் உறுப்புரை கிடையாது. அதனால்தான் எங்கள் வழக்குகள் எல்லாம் 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைப் பிடித்துக்கொண்டு போகின்றன. அது பெரிய ஓட்டை. 13ஆம் திருத்தத்தில் எழுதிய தேசியக் காணி ஆணைக்குழுவும் 1987இலிருந்து எழுத்தில்தான் இருக்கிறது.

பெர்மிட் பற்றியும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். விற்கக்கூடாது, பிரிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகளை ஏழை விவசாயி வட்டிக்காரனிடம் காணியை இழக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்தார்கள். ஆனால் என் அப்பா வெட்டிய காட்டில் என் பேரன் இன்றைக்கும் அனுமதி பெற்று இருப்பவன்தான். மூன்று தலைமுறை வியர்வைக்கு இன்னுமா உரித்து வரவில்லை? முழு உறுதிப்பத்திரம் கொடுத்தால் பணக்காரன் வந்து எல்லாவற்றையும் வாங்கிவிடுவான் என்கிறார்கள். சில இடத்தில் அது நடக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் விற்பதா வைத்திருப்பதா என்பது அந்தக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு.

என் கையொப்பத்தோடு போன கடிதங்களிலும் காரணம் எழுதாதவை இருக்கின்றன. “மேலிடத்து அறிவுறுத்தலின்படி” என்று ஒரு வரி, கீழே என் பெயர். இந்தப் பக்கத்தை எழுத நான் ஒப்புக்கொண்டதற்கு அந்தக் கடிதங்களும் ஒரு காரணம்.

கேள்வி: 2025 மார்ச் வர்த்தமானியை மீளப் பெற்றுவிட்டார்கள்தானே. இனிப் பயமில்லையா?
வாசகர், மாங்குளம்

பதில்: தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2025 மார்ச் 28ஆம் திகதி காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவித்தல் வந்தது. வடக்கில் 5,941 ஏக்கர். அதில் முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54, மிச்சம் யாழ்ப்பாணத்தில். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றார்கள். உறுதிப் பெட்டியோடு வீடே எரிந்துபோன சனத்துக்கு மூன்று மாதம்! சொந்தக்காரரில் பாதிப் பேர் கனடாவிலும் சுவிஸிலும். ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அரசாங்கமும் வர்த்தமானியை எடுத்துவிட்டது.

வர்த்தமானி போனது, கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதனால் இப்போது கிடைத்த மூச்சு விடும் நேரத்தை வீணாக்க வேண்டாம். காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதியின் அத்தாட்சிப் பிரதியை எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அயலவர் இருவரின் சத்தியக்கடதாசி, பழைய நில அளவை வரைபடம், கிராம சேவையாளரின் பதிவு எது இருக்கிறதோ அதைச் சேருங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடமோ அக்காவிடமோ அற்றோர்ணித் தத்துவம் வாங்கி வையுங்கள். இந்த வேலைக்குக் காசை விட நேரம்தான் கூடச் செல்லும்.

கேள்வி: காணிக் கூட்டம் ஒன்றுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசினேன். அடுத்த நாள் சிவில் உடுப்பில் இருவர் வீட்டுக்கு வந்து யார் கூப்பிட்டது, வேறு யார் வந்தது என்று கேட்டார்கள். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.
வாசகி, விசுவமடு

பதில்: பேசுவதும் அமைதியாகக் கூடுவதும் 14ஆம் உறுப்புரை தந்த உரிமை. நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை பிள்ளை. இனி வந்தால் வாசலில் நிறுத்தியே பெயர், பதவி, எந்த அலுவலகம் என்று கேளுங்கள். அடையாள அட்டையைப் பார்க்கக் கேளுங்கள். மற்றவர்களின் பெயரைச் சொல்ல வேண்டாம். நிலையத்துக்கு வா என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், தனியே போகாதீர்கள். வந்த திகதி, நேரம், மோட்டார் சைக்கிள் இலக்கம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுவதென்றால் ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போடவும் அதே ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது.

கேள்வி: வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்திருக்கிறது. முப்பது நாள் தந்திருக்கிறார்கள். நீதவான் நீதிமன்றத்தில் எங்கள் பக்கத்தைச் சொல்லலாம் என்று இருக்கிறோம்.
வாசகர், துணுக்காய்

பதில்: அதுவரை காத்திருந்தால் பிந்திவிடும். இது அரச காணியின் உடைமையை மீளப்பெறும் 1979இன் 7ஆம் இலக்கச் சட்டம். இதில் நீதவான் முன் உங்களுக்கு இருக்கும் ஒரே வாதம், செல்லுபடியாகும் பெர்மிட் அல்லது அரசின் வேறு எழுத்து அதிகாரம் கையில் இருக்கிறது என்பதுதான். எத்தனை வருடம் இருந்தேன், எத்தனை தென்னை வைத்தேன் என்பதை அவர் கேட்க முடியாது. பெர்மிட் இல்லையென்றால் அந்த முப்பது நாளுக்குள்ளேயே கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுத்தாணை மனுக் கொண்டு போக வேண்டும். காணி உங்கள் சொந்தம் என்று உறுதி இருந்தால், வெளியேற்றக் கட்டளை வந்த பிறகும் ஆறு மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் உரித்து வழக்குப் போடலாம். துணுக்காயிலிருந்து கொழும்புக்கு ஒரு ஏழை எப்படிப் போவான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு இந்தக் கிழமையே போங்கள்.

கேள்வி: வழக்கா, போராட்டமா? எது சரி?
வாசகி, கேப்பாப்பிலவு

பதில்: உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை அம்மா. 2017 ஜனவரி கடைசியில் பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியில் இருந்த படை முகாமின் வாசலில் குந்தியது. பனியிலும் வெயிலிலும் பிள்ளைகளோடு ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி தங்கள் காணிக்குள் போனார்கள். அதே நாளில் நீங்கள் உங்கள் போராட்டப் பந்தலைப் போட்டீர்கள்.

இரணைதீவுக்காரர் 1992இல் தீவை விட்டு எழும்பியவர்கள். 2017 மே முதலாம் திகதி இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருடம் ஆகப் போகும்போது, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, வெள்ளைக்கொடி கட்டிய வள்ளங்களில் தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். கடற்படை இருந்த தீவு அது. யாரும் கல் எறியவில்லை. கோயிலில் செபித்தார்கள், கிணறு இறைத்தார்கள், அங்கேயே தங்கினார்கள். நான் அந்தக் கிழமை பத்திரிகைப் படத்தைப் பார்த்து அழுதேன்.

இரண்டும் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பந்தலில் இருக்கும்போதும் ஒரு பிள்ளையை அனுப்பித் தகவல் விண்ணப்பம் போடுங்கள், ஒவ்வொரு குடும்பத்தின் துண்டு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். விடுவிக்கிறோம் என்று சொல்லும் நாளில் எத்தனை ஏக்கர், எந்தத் துண்டு என்று கேட்க அந்தக் கொப்பி கையில் இருக்க வேண்டும்.

பூநகரி வாசகி ஒருவருக்கு: உங்கள் கேள்விக்கான பதில் அடுத்த இதழில் வரும். ஆனால் கடிதத்தோடு பெர்மிட்டின் மூலப்பிரதியையே வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். கறையான் அரித்த ஓரத்தைப் பார்த்ததும் நெஞ்சு பதறிவிட்டது. கண்ணாடித் தாளுக்குள் வைத்திருக்கிறேன், படமும் எடுத்துவிட்டேன். தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன்.